பக்கத்து நெட்வொர்க்கின் வாக்கு: இணையம் வழி கண்டுபிடிப்பது எப்படி, தவறுவது எங்கே

இணையத்துக்கு முழு வரைபடம் என்று ஒன்று எங்கும் கிடையாது. மதுரையில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும் பாக்கெட் (தகவலின் ஒரு சிறு பொட்டலம்) பிராங்பேர்ட்டில் இருக்கும் சர்வருக்குப் போய்ச் சேர எந்த வழி சரி என்று கேட்டால், பதில் சொல்லத் தலைமை அலுவலகம் இல்லை, தலைமைக் கம்ப்யூட்டரும் இல்லை. வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்து, அடுத்து யாரிடம் தள்ளுவது என்பதை மட்டும் முடிவு செய்கிறது. அந்த அட்டவணையில் இருப்பது பக்கத்து நெட்வொர்க் சொன்ன தகவல். அதற்குச் சொன்னது அதன் பக்கத்து நெட்வொர்க். சொன்னது உண்மைதானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு ஆரம்பத்தில் இல்லவே இல்லை. இன்றும் அது அரைகுறைதான்.

இப்படி ஒருவருக்கொருவர் சொல்லிப் பாதைகளைப் பரப்பும் நெறிமுறையின் பெயர் பார்டர் கேட்வே புரோட்டோகால், சுருக்கமாக பிஜிபி. வைஃபை, 5ஜி பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் செய்தித்தாளில் இடம்பிடித்த பெரிய இணைய முடக்கங்களில் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இதுதான் இருக்கும்.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். இணையம் என்பது 75,000-க்கும் மேற்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகளின் கூட்டு. ஒரு டெலிகாம் நிறுவனம், ஒரு பல்கலைக்கழகம், கூகுள் போன்ற ஒரு நிறுவனம், மாவட்ட அளவில் பிராட்பேண்ட் தரும் ஓர் ஆபரேட்டர் என எல்லாமே இதில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஏஎஸ் எண் என்பார்கள். பேஸ்புக்கின் எண் 32934. ஒவ்வொன்றின் கையிலும் ஐபி முகவரிகள் தொகுதி தொகுதியாக இருக்கும். "இந்தத் தொகுதி என்னிடம் இருக்கிறது, இதற்கு வரும் பாக்கெட்டுகளை என்னிடம் அனுப்புங்கள்" என்று தன்னோடு நேரடியாக இணைந்திருக்கும் நெட்வொர்க்குகளுக்கு அது அறிவிக்கும். அதைக் கேட்டவை தங்கள் எண்ணையும் முன்னால் சேர்த்துக்கொண்டு அடுத்தவற்றுக்குச் சொல்லும். சில நிமிடங்களுக்குள் உலகம் முழுக்கச் செய்தி பரவிவிடும். இன்று ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகளுக்கு மட்டும் இப்படிச் சுமார் 10 லட்சம் பாதைகள் முதுகெலும்பு ரவுட்டர்களின் நினைவகத்தில் இருக்கின்றன.

இது தோன்றிய விதம் எளிமையானது. 1980-களில் நெட்வொர்க்குகளை இணைக்க ஈஜிபி என்றொரு பழைய நெறிமுறை இருந்தது. நடுவில் ஒரு முதுகெலும்பு, அதிலிருந்து கிளைகள் என்ற மர அமைப்பை அது எதிர்பார்த்தது. நெட்வொர்க்குகள் தங்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக இணையத் தொடங்கியதும் அது திணறியது. 1989 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இணையப் பொறியாளர்களின் கூட்டம் நடந்தது. அங்கே மதிய உணவின்போது சிஸ்கோவின் கிர்க் லோஹீடும் ஐபிஎம்மின் யாக்கவ் ரெக்டரும் மேசையில் இருந்த நாப்கின் காகிதங்களில் புதிய நெறிமுறையின் வரைவை எழுதினார்கள். அந்த ஆண்டு ஜூனில் அது ஆவணமாக வெளிவந்தது. நாம் இன்று பயன்படுத்தும் நான்காம் பதிப்பு 1990-களின் நடுவில் வந்தது. அடிப்படை மாறவில்லை.

அப்போதைய இணையத்தில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். நெட்வொர்க்கை நடத்துபவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். அங்கே பொய் சொல்பவன் ஒருவன் வருவான் என்று யாரும் கணக்கிடவில்லை. அவர்களைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல், மையத்தில் பதிவு செய்யாமல், பக்கத்தில் ஒருவரோடு ஒயரை இணைத்தால் போதும் என்றிருந்ததால்தான் இணையம் இந்த வேகத்தில் வளர்ந்தது. வளர வைத்த அதே குணம்தான் இன்று தலைவலியாகவும் நிற்கிறது.

பிஜிபி பற்றிப் பலருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணம், அது மிகக் குறுகிய பாதையைத் தேடுகிறது என்பது. நடைமுறையில் பணம்தான் முதலில் பேசுகிறது. ஒரே இடத்துக்கு மூன்று பாதைகள் இருந்தால், ஒரு நெட்வொர்க் முதலில் தன் வாடிக்கையாளர் வழியாகப் போகும் பாதையை எடுக்கும், அதில் வருமானம். அது இல்லாவிட்டால், செலவில்லாமல் பரஸ்பரம் டிராஃபிக்கை மாற்றிக்கொள்ளும் சக நெட்வொர்க் வழி. அதுவும் இல்லாவிட்டால்தான் டிரான்சிட், அதாவது நம் டிராஃபிக்கை மற்ற இடங்களுக்குக் கொண்டுசேர்க்கப் பெரிய நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கும் சேவை. எத்தனை நெட்வொர்க்குகளைத் தாண்ட வேண்டும் என்ற கணக்கு அதற்குப் பிறகே வருகிறது. அறிவிப்பதிலும் இதே கணக்குத்தான். ஒரு டிரான்சிட் நிறுவனத்திடம் கேட்ட பாதையை இன்னொரு டிரான்சிட் நிறுவனத்துக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு நடுவே நாம் நம் காசில் சுமை தூக்க வேண்டிவரும். இந்த விதி எந்த நெறிமுறையிலும் கட்டாயமாக எழுதப்படவில்லை. ஒவ்வொரு நெட்வொர்க்கின் பொறியாளரும் தன் ரவுட்டரில் கையால் எழுதிவைக்கும் வடிகட்டியில்தான் அது உயிரோடு இருக்கிறது.

இந்தப் பணக் கணக்கின் விளைவு இந்தியாவில் ஒரு காலத்தில் நன்றாகவே தெரிந்தது. ஒரே ஊரில் இரண்டு இணைய நிறுவனங்களுக்கு நேரடி இணைப்பு இல்லாவிட்டால், ஒன்றின் வாடிக்கையாளர் இன்னொன்றின் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சல் கடலடி கேபிள் வழியாக வெளிநாடு போய்த் திரும்பி வரும். இரண்டு பேரும் வெளிநாட்டு டிரான்சிட்டுக்குப் பணம் கட்டினார்கள். இதைத் தவிர்க்கத்தான் 2003-இல் நிக்ஸி என்ற தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு உருவானது. முதலில் தொடங்கிய மையங்களில் சென்னையும் ஒன்று. பரிமாற்ற மையம் என்றால் பல நிறுவனங்கள் தங்கள் ரவுட்டரைக் கொண்டுவந்து ஒரே ஸ்விட்சில் இணைக்கும் கட்டடம். அங்கே நேரடியாக பிஜிபி பேசிக்கொண்டால் உள்ளூர் டிராஃபிக் உள்ளூரிலேயே முடிந்துவிடும்.

சரி, நம்பிக்கை எங்கே உடைகிறது? ரவுட்டரின் ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் இது புரியும். ஒரே முகவரிக்கு இரண்டு பாதைகள் இருந்தால், எது குறிப்பானதோ அதுதான் வெல்லும். தபால் பிரிக்கும் இடத்தில் "திருநெல்வேலி மாவட்டக் கடிதங்கள் இந்தப் பையில்" என்று ஒரு குறிப்பும் "பாளையங்கோட்டைக் கடிதங்கள் அந்தப் பையில்" என்று இன்னொரு குறிப்பும் இருந்தால், பாளையங்கோட்டைக் கடிதம் இரண்டாவது பைக்குத்தான் போகும். அந்த இரண்டாவது குறிப்பை எழுதி ஒட்டியது யார் என்று பிரிப்பவர் கேட்பதில்லை. ரவுட்டரும் கேட்பதில்லை.

2008 பிப்ரவரியில் நடந்தது இதுதான். யூடியூப்பைத் தடுக்கும்படி பாகிஸ்தானின் தொலைத்தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. பாகிஸ்தான் டெலிகாம் அதற்கு ஒரு குறுக்குவழியைக் கையாண்டது. யூடியூப் தன் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. அதற்குள் இருந்த 256 முகவரிகளை மட்டும் "இவை என்னிடம் இருக்கின்றன" என்று பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்தது. நாட்டுக்குள் இருப்பவர்களின் கோரிக்கைகள் அங்கே வந்து விழும், அப்படியே தொலைந்துபோகும் என்பது திட்டம். அந்த அறிவிப்பு நாட்டுக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் ஹாங்காங்கைச் சேர்ந்த அதன் டிரான்சிட் நிறுவனமான பிசிசிடபிள்யூ குளோபலுக்கும் அது போனது. அந்த நிறுவனம் கேள்வி கேட்காமல் உலகத்துக்குப் பரப்பியது. இந்திய நேரப்படி பிப்ரவரி 25, நள்ளிரவு 12:17-க்கு இது தொடங்கியது. குறிப்பான பாதை வெல்லும் என்ற விதிப்படி உலகம் முழுவதும் யூடியூப்பைத் தேடியவர்களின் டிராஃபிக் பாகிஸ்தானுக்குத் திரும்பியது.

யூடியூப்பின் பொறியாளர்கள் 1:37-க்கு அதே 256 முகவரிகளைத் தாங்களும் அறிவித்தார்கள். இப்போது இரண்டு அறிவிப்பும் ஒரே அளவு. அதனால் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருடைய பேச்சு எடுபட்டது; சிலருக்கு யூடியூப் திரும்பியது, சிலருக்கு இல்லை. பதினொரு நிமிடம் கழித்து அதையும் 128, 128 என்று இரண்டாக உடைத்து அறிவித்தார்கள். அவ்வளவு சின்னத் துண்டுகளைப் பல நெட்வொர்க்குகள் ஏற்பதே இல்லை என்பதால் அதுவும் முழுத் தீர்வாகவில்லை. கடைசியில் 2:31-க்கு பிசிசிடபிள்யூ அந்தப் பாதைகளைத் திரும்பப் பெற்றபோதுதான் எல்லாம் சீரானது. இரண்டே கால் மணி நேரம்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போதெல்லாம் பாகிஸ்தான் டெலிகாமைத்தான் கைகாட்டுகிறார்கள். என் பார்வையில் பெரிய பொறுப்பு பிசிசிடபிள்யூவுடையது. தவறு செய்யும் நெட்வொர்க் எப்போதும் ஒன்று இருக்கும். பல்லாயிரக்கணக்கான நெட்வொர்க்குகளில் யாராவது ஒருவர் ஒரு வரியைத் தப்பாக அடிக்கத்தான் செய்வார். அந்தத் தவறு வெளியே போக ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவு மேலே இருக்கும் டிரான்சிட் நிறுவனத்திடம் இருக்கிறது. தன் வாடிக்கையாளரிடம் எந்தெந்த முகவரிகள் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியும். காசு வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுத்ததே அதுதான். அந்தப் பட்டியலுக்கு வெளியே எது வந்தாலும் ஏற்காதே என்று ஒரு வடிகட்டி போட்டிருந்தால், பாகிஸ்தானின் தடை பாகிஸ்தானோடு முடிந்திருக்கும்.

இதே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. 1997 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 7007 என்ற எண்ணைக் கொண்ட சிறிய நெட்வொர்க் ஒன்று, உலகத்தின் பாதைகளில் பெரும்பகுதியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துத் தன்னுடையவை என்று அறிவித்துவிட்டது. கோளாறான ரவுட்டரைக் கழற்றிப் போட்ட பிறகும் அந்தப் பொய்ப் பாதைகள் மற்ற நெட்வொர்க்குகளில் சுற்றிக்கொண்டே இருந்தன. அடுத்த ஆண்டு, முப்பது நிமிடத்தில் இணையத்தை முடக்க முடியும் என்று லாஃப்ட் என்ற ஹேக்கர் குழு அமெரிக்க செனட் குழுவிடம் சாட்சியமே சொன்னது. 2019 ஜூன் 24 அன்று பென்சில்வேனியாவின் ஒரு சிறிய இணைய நிறுவனம் தன் உள் பயன்பாட்டுக்காக உடைத்துவைத்திருந்த பாதைகள் ஒரு வாடிக்கையாளர் வழியாக அமெரிக்கப் பெரிய டெலிகாம் நிறுவனமான வெரைசனுக்குக் கசிந்தன. வெரைசன் அவற்றை உலகத்துக்கே அறிவித்தது. கிளவுட்ஃப்ளேர் உட்படப் பல பெரிய சேவைகளின் டிராஃபிக் அந்தச் சிறிய நிறுவனத்தின் ஒயர்களுக்குள் நுழைய முயன்று நெரிந்தது. 2021 ஏப்ரல் 16 அன்று நம் நாட்டிலேயே வோடஃபோன் ஐடியாவின் 55410 எண் நெட்வொர்க், தனக்குச் சொந்தமில்லாத 30,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளை அறிவித்தது. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த நெட்வொர்க் ஏன் அதை ஏற்றது?

2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப் நின்றதை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம். அதிலும் பிஜிபி பேர் அடிபட்டது. ஆனால் அது வேறு வகை. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. பேஸ்புக் பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் உள் முதுகெலும்பை அறுத்துவிட்டது. அப்படித் தவறான கட்டளையைத் தடுக்க வைத்திருந்த கருவியிலும் ஒரு பிழை. பேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்பவை), டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால் தாங்கள் பழுதாகிவிட்டதாக எண்ணித் தங்கள் பிஜிபி அறிவிப்பைத் தாங்களே விலக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒரு சர்வருக்கு நல்ல ஏற்பாடு. எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் அப்படி நினைத்தபோது, பேஸ்புக் என்ற பெயருக்கு முகவரி சொல்ல இணையத்தில் ஆளே இல்லை. சரிசெய்ய வேண்டிய உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் பொறியாளர்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. சுமார் ஆறு மணி நேரம் பிடித்தது. இதற்கு எந்த வடிகட்டியும் மருந்தாகாது. பழுதுபார்க்கும் வழி, பழுதாகும் நெட்வொர்க்கைச் சாராமல் தனியாக இருக்க வேண்டும். அதைத்தான் இது காட்டியது.

தவறுகள் ஒரு பக்கம் என்றால், திருட்டு இன்னொரு பக்கம். 2018 ஏப்ரலில் அமேசானின் டிஎன்எஸ் சேவை இருக்கும் முகவரிகளை வேறொரு நெட்வொர்க் வழியாகச் சுமார் இரண்டு மணி நேரம் கடத்தினார்கள். மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ தளத்தைத் தேடியவர்களுக்குப் போலித் தளத்தின் முகவரி கிடைத்தது. சுமார் 1,50,000 டாலர் மதிப்புள்ள ஈதர் களவு போனது. பூட்டை உடைக்கவில்லை, வீட்டுக்குப் போகும் சாலையையே திருப்பிவிட்டார்கள்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் ஆர்பிகேஐ. 2012-இல் தரநிலையானது. யோசனை நேரானது. ஐபி முகவரிகளை உலகத்துக்குப் பிரித்துக் கொடுப்பவை ஐந்து பிராந்தியப் பதிவகங்கள். ஆசிய பசிபிக்குக்கு ஏப்னிக், அதன் கீழ் இந்தியாவுக்கு நிக்ஸி நடத்தும் ஐரின். முகவரி யாருக்குச் சொந்தம் என்று இவற்றுக்குத்தான் தெரியும். ஆகவே, "இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் எண் மட்டும்தான் அறிவிக்கலாம், இவ்வளவு சின்னத் துண்டு வரைதான் உடைக்கலாம்" என்று உரிமையாளர் டிஜிட்டல் கையெழுத்திட்ட சான்று ஒன்றை அங்கே பதிந்துவைக்கலாம். ரோவா என்று அதைச் சொல்கிறார்கள். மற்ற நெட்வொர்க்குகள் இந்தச் சான்றுகளை இறக்கிவைத்துக்கொண்டு, வரும் அறிவிப்பு அதோடு முரண்பட்டால் தூக்கி எறியும். 2008-இல் இது இருந்து, பிசிசிடபிள்யூவும் சரிபார்த்திருந்தால், பாகிஸ்தானின் அறிவிப்பு முதல் படியிலேயே நின்றிருக்கும்.

பல ஆண்டுகள் இது தூங்கிக் கிடந்தது. சான்று போடுபவருக்கு உடனடி லாபம் இல்லை, சரிபார்ப்பவருக்கும் இல்லை. இரண்டு பேரும் செய்தால்தான் பலன். 2019-இல் ஏடி அண்ட் டி, 2020-இல் என்டிடி என்று பெரிய டிரான்சிட் நிறுவனங்கள் முரண்படும் பாதைகளை ஏற்க மறுக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. கதவு அவர்களிடம் இருக்கிறது என்று மேலே சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2024 மே மாதத்தில் உலகின் ஐபிவி4 பாதைகளில் பாதிக்கு மேல் ரோவா வந்துவிட்டது.

ஆனால் பூட்டு வந்தால் சாவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரி 3 அன்று ஸ்பெயினின் ஆரஞ்சு நிறுவனத்தின் இணையச் சேவை சில மணி நேரம் சரிந்தது. ஐரோப்பியப் பதிவகமான ரைப்பில் அந்த நிறுவனத்துக்கு இருந்த கணக்குக்குள் ஒருவர் புகுந்து, ரோவா சான்றுகளைத் தப்பாக மாற்றிவிட்டார். அதனால் நிறுவனத்தின் உண்மையான பாதைகளே உலகத்துக்குப் பொய்யாகத் தெரிந்தன. சரியாகச் சரிபார்த்த நெட்வொர்க்குகள் அவற்றை நிராகரித்தன. கணக்கின் பாஸ்வேர்டு 'ரைப்அட்மின்'. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் போடப்படவில்லை. அதன் பின் ரைப் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது.

இன்னொரு ஓட்டை நுட்பமானது. ரோவா சரிபார்ப்பது பாதையின் கடைசிப் புள்ளியை மட்டும். நடுவில் வரும் எண்களை அல்ல. 2022 ஆகஸ்ட் 17 அன்று செலர் பிரிட்ஜ் என்ற கிரிப்டோ சேவையைத் தாக்கியவர்கள் அமேசானின் முகவரித் துண்டு ஒன்றைக் கடத்தினார்கள். அறிவிப்பில் கடைசி எண்ணாக அமேசானின் எண்ணையே எழுதி, "நான் அமேசானுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்" என்பதுபோல் காட்டிக்கொண்டார்கள். அமேசான் பதிந்திருந்த சான்று பெரிய தொகுதி ஒன்றை 256 முகவரித் துண்டுகள் வரை உடைக்க அனுமதித்திருந்ததால், இந்தப் பொய்யும் சோதனையில் தேறிவிட்டது. பறிபோனது சுமார் 2,35,000 டாலர்.

பாதை முழுவதையும் கையெழுத்தால் காக்கும் பிஜிபிசெக் 2017-லேயே தரநிலையாகிவிட்டது. ஒவ்வொரு நெட்வொர்க்கும் ஒவ்வொரு அறிவிப்பிலும் கையெழுத்திட வேண்டும். நடுவில் ஒருவர் விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். ரவுட்டர்களுக்கும் சுமை. அதனால் நடைமுறைக்கு வரவில்லை. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் உருவாகிவரும் ஆஸ்பா. அதில் ஒரு நெட்வொர்க் "எனக்கு டிரான்சிட் தருபவர்கள் இவர்கள் மட்டும்" என்று ஒரு சான்று பதிந்தால் போதும். அந்தப் பட்டியலில் இல்லாதவர் பக்கத்து வீட்டுக்காரர்போல் வேடம் போட்டால் தெரிந்துவிடும். வெரைசன் வகைக் கசிவும் பிடிபடும், செலர் வகைப் பொய்யும் பிடிபடும். எல்லோரும் ஒரே நாளில் மாற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தமிழ்நாட்டில் சொந்த ஏஎஸ் எண்ணும் முகவரிகளும் வாங்கி பிராட்பேண்ட் நடத்தும் சிறு நிறுவனங்கள் பல உண்டு. சில கல்வி நிறுவனங்களும் அப்படியே. அவர்கள் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. ஐரின் கணக்கில் நுழைந்து தங்கள் தொகுதிகளுக்கு ரோவா பதிய வேண்டும். பதியும்போது எவ்வளவு வரை உடைக்கலாம் என்ற கட்டத்தில், உண்மையில் அறிவிக்கும் அளவை மட்டும் கொடுக்க வேண்டும். பிறகு தேவைப்படலாம் என்று தாராளமாக விட்டுவைப்பதுதான் செலர் தாக்குதலுக்கு வழிவிட்டது. கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட வேண்டும். தங்களுக்குக் கீழே இன்னொரு நிறுவனத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், அதன் முகவரிப் பட்டியலை வாங்கி வடிகட்டி எழுத வேண்டும். அப்புறம், டிரான்சிட் வாங்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மெகாபிட் விலையோடு சேர்த்து, முரண்படும் பாதைகளை நிராகரிக்கிறீர்களா என்று அந்தப் பெரிய நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.